பழைய காருக்கு எக்ஸ்ட்ரா லைட்... பிரிட்டன் சாலைகளில் ஒரு 'வெளிச்ச' பஞ்சாயத்து!

ராத்திரி நேரத்தில் ஹைவேயில் வண்டி ஓட்டுபவரா நீங்கள்? அப்படியென்றால் இது உங்களுக்குப் பழகிய காட்சி. எதிரே ஒரு எஸ்யூவி வருகிறது. வெள்ளை வெளேரென்று எல்இடி வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்கிறது. இரண்டு, மூன்று விநாடிகளுக்கு ரோடே தெரிவதில்லை. 'டிம் பண்ணித் தொலையேன்டா' என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே குத்துமதிப்பாகக் கடக்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு யோசனை ஓடும்: 'நாமும் முன்னாடி ரெண்டு லைட் சேர்த்து மாட்டிட்டா என்ன?'

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் இதையேதான் யோசிக்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கல் இரண்டு மடங்கு. எதிரே வரும் புது கார்களின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. தங்கள் காரின் ஹெட்லைட்டோ, பவர் கட்டில் ஏற்றிவைத்த மெழுகுவத்தி மாதிரி இருக்கிறது.

முன்பக்கம் பளபளவென்று இரண்டு வட்ட விளக்குகள் என்றால், பார்ப்பதற்கு வெறும் அலங்கார சமாச்சாரம் போலத்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு மின்சாரக் கணக்கு, 60 வருடத்துக்கு முந்தைய ஒரு ரேலி சண்டை, சட்டத்தில் ஓர் ஓட்டை என்று ஏகப்பட்ட விஷயம் இருக்கிறது. பைக்கில் எக்ஸ்ட்ரா லைட் மாட்டலாமா என்று ஆன்லைனில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எம்ஜி என்றால் ஹெக்டர் மட்டுமா?

எம்ஜி என்றதும் நமக்கு ஹெக்டரும் வின்ட்சரும்தான் ஞாபகத்துக்கு வரும. இன்றைக்கு அந்த பிராண்டு சீனாவின் சாய்க் நிறுவனத்திடம் இருக்கிறது. இந்தியாவில் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் கூட்டாளி. ஆனால், பிரிட்டிஷ்காரர்களிடம் எம்ஜி என்று சொன்னால் அவர்கள் மனதில் வருவது, மேல்கூரையைத் திறந்துவிட்டு இரண்டு பேர் மட்டும் போகிற குட்டி ஸ்போர்ட்ஸ் கார். 'மாரிஸ் கராஜஸ்' என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஷோரூமின் பெயரிலிருந்து வந்ததுதான் இந்த எம்ஜி.

அந்த வரிசையில் பெரிய ஹிட், எம்ஜிபி. 1962-ல் வந்தது; 1980-ல் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்படும்வரை ஓடியது. எல்லா வகைகளையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள். 1.8 லிட்டர் இன்ஜின், எளிமையான அமைப்பு, இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கும் ஸ்பேர் பார்ட்ஸ். அதனால்தான் மியூசியத்தில் நிற்காமல் இன்னமும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் இரண்டு 7 அங்குல வட்ட ஹெட்லைட். பழைய டங்ஸ்டன் ரகம். அன்றைய சாலைக்கும் அன்றைய டிராஃபிக்குக்கும் அது போதுமானதாக இருந்தது.

இன்றைக்குப் போதவில்லை. காரணம் பழைய காரில் மட்டும் இல்லை.

கண் கூசும் தேசம்

ஹெட்லைட் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்ற புகார் பிரிட்டனில் சில வருடங்களாகவே பெரிய பேசுபொருள். வாகன ஓட்டிகளுக்கான ஆர்ஏசி அமைப்பு நடத்திய கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானோர், 'சில கார்களின் லைட் ரொம்பவே அதிகம்' என்று சொன்னார்கள். இதற்காகவே ராத்திரியில் ஓட்டுவதைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. நாடாளுமன்ற இணையதளத்தில் 10,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு ஒன்று போனது. 2024-ல், இதைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு நடத்துவதாக அரசு ஒப்புக்கொண்டது. டிஆர்எல் என்ற போக்குவரத்து ஆய்வு நிறுவனத்திடம் அந்த வேலை போனது.

ஏன் இவ்வளவு கூசுகிறது? முதல் காரணம் எல்இடி. பழைய ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மஞ்சள் கலந்தது; எல்இடியில் நீலம் அதிகம் கலந்த வெள்ளை. அதுவும் சின்னப் புள்ளியிலிருந்து செறிவாக வருகிறது. அடுத்து, காரின் உயரம். எஸ்யூவிகள் பெருகப் பெருக, ஹெட்லைட்டும் தரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாவது, பீமின் கோணம். ஒரு டிகிரி மேலே தூக்கியிருந்தாலே எதிரே வருபவர் கண்ணில்தான் போய் விழும்.

இந்த மூன்றும் சேர்ந்து அதிகம் பதம் பார்ப்பது ஸ்போர்ட்ஸ் கார்காரர்களைத்தான். எம்ஜிபியின் மொத்த உயரமே ஏறக்குறைய நாலடி. ஓட்டுபவர் கிட்டத்தட்ட ரோட்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருப்பார். எதிரே வரும் எஸ்யூவியின் லைட் 'டிம்'மில் இருந்தாலும், அவர் கண்மட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ஓட்டுபவருக்கு 60 வயதைத் தாண்டியிருந்தால் இன்னும் கஷ்டம். வயது கூடக் கூட, கண்ணின் லென்ஸுக்குள்ளேயே ஒளி சிதறுவது அதிகமாகும். கூச்சத்திலிருந்து பார்வை மீள்வதற்கும் நேரம் பிடிக்கும்.

ஆக, 'எனக்கும் வெளிச்சம் வேண்டும்' என்ற ஆசையில் நியாயம் இருக்கிறது. கேள்வி என்னவென்றால், எக்ஸ்ட்ரா லைட் அந்தக் குறையைத் தீர்க்குமா?

1966: கோப்பையைப் பறித்த ஃபாக் லேம்ப்

பழைய பிரிட்டிஷ் காரின் மூக்கில் விளக்குகள் மாட்டும் ஸ்டைல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ரேலி பந்தயங்களிலிருந்து. குளிர்காலத்தில், பனி மூடிய மலைப்பாதைகளில், ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். விளக்குதான் உயிர். 1964 மான்டி கார்லோ ரேலியில் ஜிடி பிரிவை ஜெயித்தது ஓர் எம்ஜிபி. அதே வருடம் ஒட்டுமொத்த வெற்றியை பேடி ஹாப்கிர்க்கின் மினி கூப்பர் எடுத்துக்கொண்டது. மறுவருடமும் மினிதான்.

1966-ல் நடந்ததுதான் க்ளைமாக்ஸ். முதல் மூன்று இடங்களிலும் மினி: டிமோ மாக்கினன், ரவுனோ ஆல்ட்டோனன், பேடி ஹாப்கிர்க். போட்டி முடிந்ததும் அதிகாரிகள் கார்களைப் பிரித்து மேய்ந்தார்கள். கடைசியில் பிடித்தது இன்ஜினை இல்லை, ஹெட்லைட்டை! பிரைட், டிம் இரண்டும் உள்ள வழக்கமான பல்புக்குப் பதிலாக, பிரைட் மட்டுமே எரியும் குவார்ட்ஸ் அயோடின் பல்பைப் போட்டிருந்தார்கள். எதிரே வண்டி வந்தால்? ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஃபாக் லேம்ப்பை எரியவிடும்படி ஒயரிங். 'டிம் செய்யும் முறை விதிப்படி இல்லை' என்று மூன்று மினிகளையும் தகுதி நீக்கம் செய்தார்கள். நாலாவதாக வந்த ரோஜர் கிளார்க்கின் லோட்டஸ் கார்ட்டினாவும், ரோஸ்மேரி ஸ்மித்தின் ஹில்மேன் இம்ப்பும் அதே காரணத்துக்காக வெளியே போயின. பாலி டோய்வோனன் ஓட்டிய பிரெஞ்சு சிட்ரோயனுக்குக் கோப்பை போனது.

பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன. 'பிரெஞ்சு காரை ஜெயிக்கவைக்கச் செய்த வேலை' என்று இன்றுவரை சொல்பவர்கள் உண்டு. அடுத்த வருடமே ஆல்ட்டோனன் மினியில் வந்து ஜெயித்துக் கணக்கைத் தீர்த்தார்.

சண்டையின் நியாயத்தை விடுங்கள். அதிகாரிகள் கேட்டது ஒரே கேள்வி: 'எதிரே ஆள் வந்தால் உன் லைட் எப்படித் தணிகிறது?' இன்றைக்கு எக்ஸ்ட்ரா லைட் மாட்டும் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

ஃபாக் லேம்ப் வேறு, டிரைவிங் லேம்ப் வேறு

கடையில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அதே வட்டம், அதே குரோம், அதே 55 வாட் பல்பு. ஆனால், முன்னால் இருக்கும் கண்ணாடியும் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரும் வேறு வேலை செய்கின்றன.

டிரைவிங் லேம்ப் அல்லது ஸ்பாட் லேம்ப் என்பது, பிரைட் பீமுக்குக் கூடுதல் கை. தொலைதூரத்துக்கு ஈட்டி மாதிரி ஒளியைப் பாய்ச்சும். ஆள் நடமாட்டமில்லாத கிராமத்து ரோட்டுக்கு அருமை. எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால், அது ஒரு விநாடிகூட எரியக் கூடாது. பிரிட்டனில் அது பிரைட் பீமோடு சேர்ந்து எரிந்து, டிம் போட்டதும் சேர்ந்து அணைய வேண்டும்.

ஃபாக் லேம்ப் அதற்கு நேர் எதிர். ஒளியைக் கீழே, அகலமாக, பக்கவாட்டில் விரிக்கும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். பனிமூட்டத்தில் பிரைட் போட்டால் என்ன ஆகும் என்று ஊட்டி மலைப்பாதையில் போனவர்களுக்குத் தெரியும். முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் நம் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கின்றன. விளக்கு தாழ்வாக இருந்து, ஒளி மேலே எழும்பாமல் இருந்தால், அந்தத் திரை குறையும். ரோட்டின் ஓரமும் வெள்ளைக் கோடும் தெரியும். அவ்வளவுதான் அதன் வேலை.

மஞ்சள் கண்ணாடி போட்டால் பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. பிரான்ஸில் 1930-களிலிருந்து 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அது கண் கூச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்றார்கள். ஆனால், பனியைத் துளைப்பதற்கு நிறத்தைவிட, பீமின் வடிவமும் விளக்கு இருக்கும் உயரமும்தான் முக்கியம்.

இங்கே பலரும் கோட்டைவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. பனியே இல்லாத ராத்திரியில் ஃபாக் லேம்ப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டினால், 'ஆஹா, என்ன வெளிச்சம்' என்று தோன்றும். காருக்கு முன்னால் 10, 15 மீட்டர் பகல் மாதிரி இருக்கும். ஆனால், பக்கத்தில் வெளிச்சம் அதிகமானால் கண்ணின் பாப்பா சுருங்கும். தூரத்து இருட்டில் இருப்பது இன்னும் மங்கலாகும். 80 கி.மீ வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். அந்த 15 மீட்டர் வெளிச்சம் எதற்கு உதவும்? நன்றாகத் தெரிகிறது என்ற நினைப்பு மட்டும் கூடுகிறது. பார்வையின் தூரம் குறைகிறது. ஆபத்தான காம்பினேஷன்!

22 ஆம்பியர்... அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும்

சரி, விளக்கை வாங்கியாயிற்று. அதற்கு மின்சாரம்?

இங்கேதான் லூகாஸ் வருகிறது. பர்மிங்காமில் பிறந்த இந்த நிறுவனம்தான் அந்தக் கால பிரிட்டிஷ் கார்களுக்கு டைனமோ முதல் ஹெட்லைட் வரை செய்துகொடுத்தது. சைக்கிள் விளக்குகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிங் ஆஃப் தி ரோடு'. கார்களில் லைட் அடிக்கடி மக்கர் செய்ததால் வாடிக்கையாளர்கள் வைத்த பட்டம், 'இருட்டின் இளவரசன்'. பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? சென்னை பாடியில் பஸ் ஏறுபவர்களுக்குத் தெரியும். 1961-ல் டிவிஎஸ் குழுமத்தோடு கைகோத்து உருவான லூகாஸ் டிவிஎஸ்ஸில் இருப்பதும் இதே லூகாஸ்தான்.

1967 வரை வந்த எம்ஜிபிக்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். அதிகபட்சமாக அது கொடுப்பது 22 ஆம்பியர். இப்போது ஒரு மழை ராத்திரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ரொம்ப சிம்பிள்.

- ஹெட்லைட் இரண்டு, தலா 60 வாட்: 10 ஆம்பியர்
- எக்ஸ்ட்ரா லைட் இரண்டு, தலா 55 வாட்: சுமார் 9 ஆம்பியர்
- பார்க்கிங் லைட், பின்பக்க லைட், நம்பர் பிளேட் லைட்: சுமார் 2.5 ஆம்பியர்
- இக்னிஷன்: சுமார் 3.5 ஆம்பியர்
- வைப்பர்: சுமார் 3 ஆம்பியர்

மொத்தம் 28. வரவு 22, செலவு 28. மிச்சத்தை பேட்டரியிலிருந்து எடுத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதுவும் இந்த 22 ஆம்பியர், இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போதுதான். சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது டைனமோ கொடுப்பது ஏறக்குறைய பூஜ்யம். ஒரு டிராஃபிக் ஜாமில் மாட்டினால் கதை முடிந்தது. பின்னால் வந்த மாடல்களில் 34 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வந்தது. அதில் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் இருக்கிறது.

பழைய ஒயரிங் இன்னொரு தலைவலி. ஆரம்பகால எம்ஜிபியில் மொத்தமே இரண்டு ஃபியூஸ். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது, ரிலேவும் கிடையாது. பேட்டரியிலிருந்து வரும் முழு கரன்ட்டும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகப் போய், டிம் ஸ்விட்ச்சைச் சுற்றி, கடைசியில்தான் பல்புக்கு வரும். 50 வருடப் பழைய ஒயர், கறுத்துப்போன கான்டாக்ட், துருப்பிடித்த எர்த் என்று ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் கரைந்துவிடும். எக்ஸ்ட்ரா லைட்டையும் அதே ஒயரில் சேர்த்துக் கட்டினால் ஸ்விட்ச் உருகும். இன்னும் மோசமானால் தீப்பிடிக்கும்.

இந்த வோல்டேஜ் விவகாரத்தில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால், வெளிச்சம் குறைவது 10 சதவிகிதம் இல்லை. ஏறக்குறைய 30 சதவிகிதம்! அதாவது, பழைய காரின் ஹெட்லைட் மங்கலாக எரிவதற்கு விளக்கு மட்டும் காரணமில்லை. காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, வழியில் ஒயருக்குள்ளேயே தொலைந்துகொண்டிருக்கலாம்.

அதனால், எக்ஸ்ட்ரா லைட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை வேறு. ஹெட்லைட்டுக்கு ரிலேவும் ஃபியூஸும் போட்டு, பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான ஒயர் இழுத்து, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மங்கிய ரிஃப்ளெக்டரை மாற்றி, ஹெச்4 ஹாலஜன் பல்புக்குப் போய்விட வேண்டும். டிராஃபிக் உள்ள சாலையில் நீங்கள் பெரும்பாலும் டிம் பீமில்தான் ஓட்டுவீர்கள். டிரைவிங் லேம்ப் எரியவே வாய்ப்பில்லாத அந்த நேரம் முழுக்க, உங்களுக்குக் கைகொடுப்பது இந்த வேலைதான்.

எல்இடி போட்டால் தீர்ந்துவிடுமா?

'எல்இடிதான் கரன்ட் கம்மியா சாப்பிடுமே?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். தலா 18 வாட் எல்இடி விளக்கு இரண்டு என்றால் 3 ஆம்பியர் போதும். டைனமோ கார்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். எல்இடிக்கென்றே வடிவமைத்த தனி விளக்கு என்றால் பெரிய பிரச்னை இல்லை.

பிரச்னை, ஹாலஜனுக்குச் செய்த பழைய விளக்குக்குள் எல்இடி பல்பைச் செருகும்போது வருகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு, அந்தச் சின்னக் கம்பி இழை எந்த இடத்தில் இருக்குமோ அதைக் கணக்குப் போட்டுச் செய்தது. மில்லிமீட்டர் கணக்கு. எல்இடி பல்பில் அந்த இடத்தில் இழை கிடையாது. இரண்டு பக்கமும் சில்லுகள். ஒளி கிளம்பும் இடம் மாறினால், போய் விழும் இடமும் மாறும். வெட்டுக்கோடு கலைந்து, ஒளி மேலே சிதறும். ஓட்டுபவருக்கு 'செம பிரைட்டா இருக்கே' என்று தோன்றும். எதிரே வருபவர் கண்ணைக் கசக்குவார். நன்றாகச் செய்த சில எல்இடி பல்புகள் இழையின் இடத்தை நெருங்கிப் பிடிக்கின்றன. மலிவான பல்புகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எம்ஜிபிக்கு மட்டும் உரிய ஒரு கண்ணிவெடியும் உண்டு. 1967 வரை வந்த கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். ஹாலஜன் பல்புக்கு எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று கவலை இல்லை. எப்படிக் கொடுத்தாலும் எரியும். எல்இடி அப்படி இல்லை. தலைகீழாகக் கொடுத்தால் எரியாது. விளக்கின் உலோக உறை நெகட்டிவோடு இணைந்திருந்தால், அதை நேராக பம்பரில் முறுக்கும்போதே ஷார்ட் ஆகிவிடும்.

சட்டத்தில் ஓர் ஓட்டை

இப்போது பஞ்சாயத்தின் மையத்துக்கு வருவோம். பிரிட்டனில் வாகனத் தகுதிச் சோதனைக்கு எம்ஓடி என்று பெயர். நம் ஊர் எஃப்சி மாதிரி. கார்களுக்கு வருடா வருடம் நடக்கும் இந்தச் சோதனையில் ஹெட்லைட்டின் கோணத்தையும் பார்ப்பார்கள். ஆனால் 2018 மே முதல், 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை. கடைசி எம்ஜிபியே 1980-ல் வந்தது. அப்படியென்றால், சாலையில் ஓடும் ஏறக்குறைய எல்லா எம்ஜிபிக்கும் விலக்கு உண்டு.

எல்இடி பல்பு விஷயத்திலும் இப்படித்தான். 1986 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த வண்டிகளின் ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி பல்பு மாற்றியிருந்தால் ஃபெயில் செய்ய வேண்டும் என்கிறது எம்ஓடி கையேடு. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு இந்தத் தடை இல்லை.

விலக்கு கொடுத்ததில் நியாயம் இருக்கிறது. பழைய கார்கள் குறைவாகவே ஓடுகின்றன. உரிமையாளர்கள் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். புது விதிகளைப் பழைய இயந்திரத்தின் தலையில் கட்டினால், அந்தக் கார்கள் சாலையிலிருந்தே காணாமல் போகும். ஆனால், அதன் மறுபக்கம் இதுதான்: தன் விளக்கு நேராக இருக்கிறதா, எதிரே வருபவரைக் கூசவைக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை கேட்பதற்கு இப்போது யாரும் இல்லை. கேட்க வேண்டியவர் உரிமையாளர் மட்டும்தான்.

சோதனைக்குத்தான் விலக்கு, சட்டத்துக்கு இல்லை. 1989-ம் வருட வாகன விளக்கு விதிகள் எல்லோருக்கும் பொது. மற்றவர் கண்ணைக் கூசச் செய்யும்படி விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. பார்வை மோசமாகக் குறையாதபோது ஃபாக் லேம்ப் எரியக் கூடாது. 'மோசம்' என்றால் எவ்வளவு? பொதுவாக 100 மீட்டருக்குள் என்று கணக்கு சொல்கிறது ஹைவே கோடு. அழகுக்காக ஃபாக் லேம்ப் எரியவிட்டு ஊர்வலம் போவது அங்கே குற்றம்.

என் பார்வையில், பழைய கார்களை மறுபடி சோதனைக்கு இழுக்கத் தேவையில்லை. மாட்டிய விளக்கின் கோணத்தை மட்டும் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்குக்குச் சில நிமிடங்கள் போதும். எம்ஓடி மையத்துக்கு விருப்பத்தின் பேரில் போகவும் தடை இல்லை. புது கார்களின் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லிக் குரல் கொடுக்கும் கிளாசிக் கார் பிரியர்கள், முதலில் தங்கள் விளக்கைச் சரிபார்த்துவிட்டுப் பேசினால், அந்தக் குரலுக்கு மரியாதை கூடும்.

மாட்டியே ஆக வேண்டும் என்றால்...

ஆசை விடவில்லையா? தப்பே இல்லை. குரோம் பம்பருக்கு மேல் இரண்டு வட்ட விளக்குகள் இருந்தால் எம்ஜிபி அழகுதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துளை போடாதீர்கள்: பம்பர் போல்ட்டிலேயே பிடித்துக்கொள்ளும் 'பேட்ஜ் பார்' என்ற குழாய் கிடைக்கும். பாடியில் துளை போட்டால் அங்கேதான் துரு ஆரம்பிக்கும். விற்கும்போது விலையும் அடிபடும். நாளைக்குக் கழற்றினால் தடயமே இருக்கக் கூடாது.

கிரில்லை மறைக்காதீர்கள்: ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழி அது. நட்டநடுவில் பெரிய விளக்குகளை அடுக்கினால் கோடையில் இன்ஜின் சூடேறும். முடிந்தவரை ஓரமாக வையுங்கள்.

ரிலே, ஃபியூஸ் கட்டாயம்: ரிலேவில் 30 என்ற முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயர், 87-லிருந்து விளக்குக்குப் போகும் ஒயர், 85-ம் 86-ம் ஸ்விட்ச்சுக்கும் எர்த்துக்கும். ஃபியூஸ், பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும். விளக்குப் பக்கம் இல்லை.

தூண்டும் ஒயரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்: டிரைவிங் லேம்ப் ரிலேவுக்கான சிக்னல், பிரைட் பீம் ஒயரிலிருந்துதான் வர வேண்டும். அப்போதுதான் டிம் போட்ட அதே கணத்தில் அதுவும் அணையும். ஃபாக் லேம்ப்புக்குத் தனி ஸ்விட்ச், கூடவே அது எரிகிறது என்று காட்ட ஒரு குட்டி இண்டிகேட்டர். இல்லாவிட்டால் பனி விலகிய பிறகும் மறந்துபோய் எரியவிட்டுக்கொண்டே போவீர்கள்.

கோணம் பாருங்கள்: சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்கள். விளக்கின் மையம் எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். ஃபாக் லேம்ப்பின் மேல் விளிம்பு அந்தக் கோட்டைவிட 10 சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். அதாவது ஒரு சதவிகித இறக்கம். எப்போதும் ஏற்றும் சுமையோடு பாருங்கள். டிக்கியில் இரண்டு பெட்டி ஏறினால் பின்பக்கம் தாழும், முன்பக்கம் தூக்கும், லைட்டும் கூடவே தூக்கும்.

எம்ஜிபி இல்லாவிட்டாலும், உங்கள் பைக்குக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஒயர், ரிலே, கோணம், அணையும் ஸ்விட்ச். நாலும் சரியாக இருந்தால் மாட்டுங்கள்.

மாட்டி முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ராத்திரியில் நண்பர் ஒருவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து எல்லா லைட்டையும் டிம்மில் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு 30 மீட்டர் முன்னால் போய், எதிரே வரும் காரில் உட்கார்ந்திருப்பது போல, கொஞ்சம் குனிந்து நின்று பாருங்கள். கண்ணைச் சுருக்காமல் நிற்க முடிகிறதா? முடியவில்லை என்றால், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி காருக்குப் போங்கள்.